பாலத்தின் வேரைப் பிடுங்கியது யார்?



2021 நவம்பர் மாதத்தை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. வருஷக்கணக்கா சீமைக்கருவேலமும் பள்ளமுமா கிடந்த பாலாறு, ஒரே வாரத்தில் கரை புரண்டு ஓடியது. வாலாஜா அணைக்கட்டில் வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் போனது. மாதனூருக்கும் உள்ளிக்கும் நடுவே இருந்த தரைப்பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. விரிஞ்சிபுரம் தரைப்பாலமும் சேதமானது. வெள்ளம் வடிந்து ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 23-ஆம் தேதி, முகுந்தராயபுரத்துக்கும் திருவலத்துக்கும் நடுவில் பொன்னையாற்று ரயில் பாலத்தின் தூண் பகுதியில் சேதம் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டு, ரயில்களையே நிறுத்த வேண்டி வந்தது. கோவை, பெங்களூரு பக்கம் போக வேண்டிய பல ரயில்கள் ரத்தாயின.

அதிகாரிகளைக் கேட்டால் ஒரே பதில்தான். "இயற்கைப் பேரிடர் சார், நாங்க என்ன பண்றது?"

இந்தப் பதிலை நாம் அப்படியே ஏற்றுக்கொள்ள முடியாது. வெள்ளம் வந்தது உண்மை. ஆனால் பாலாற்றில் வெள்ளம் வருவது புதுசா? 1903 நவம்பரில் மைசூர் சீமையில் ஏரிகள் உடைந்து வந்த வெள்ளத்தில் வாணியம்பாடியில் மட்டும் சுமார் 200 பேர் மாண்டு போனார்கள். ஆறு தன் பழைய வழியை மறக்கவில்லை. அரசாங்க அலுவலகங்கள்தான் மறந்துவிட்டன. ஆற்றின் மேல் பாலம் கட்டுகிறவன் ஆறு வரும் என்று எதிர்பார்த்துத்தானே கட்ட வேண்டும்? மழை வந்தால் ஒழுகும் கூரையைப் போட்டுவிட்டு மழையைக் குற்றம் சொன்னால் கொத்தனாரை விடுவோமா?

பாலம் எப்படி விழுகிறது?

இதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். புரிந்துகொண்டால்தான் யாரைக் கேள்வி கேட்பது என்று தெரியும்.

நம் நாட்டில் 1977 முதல் 2017 வரை விழுந்த 2,130 பாலங்களைக் கணக்கெடுத்து ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் 80 சதவீதத்துக்கு மேல் வெள்ளம் போன்ற இயற்கைச் சீற்றத்தால் விழுந்தவை. கட்டுமானப் பொருள் கெட்டுப்போய் விழுந்தவை 10 சதவீதம். அதிக பாரம் ஏற்றியதால் விழுந்தவை 3 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். விழும்போது பாலத்தின் சராசரி வயசு 34 வருஷத்துக்குச் சற்று அதிகம். நூறு வருஷம் நிற்க வேண்டியது பாதி வயசைக்கூட தாண்டவில்லை.

வெள்ளம் பாலத்தை எப்படிச் சாய்க்கிறது? தண்ணீர் தூணில் முட்டித் தள்ளிவிடுகிறது என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. ஓடுகிற தண்ணீர் தூணில் மோதிக் கீழ்ப்பக்கமாகத் திரும்பிச் சுழல்கிறது. அந்தச் சுழல் தூணைச் சுற்றியுள்ள மணலைத் தோண்டி எடுக்கிறது. வாய்க்காலில் நட்ட கொம்பைச் சுற்றி குழி விழுவதை நாம் தினமும் பார்க்கிறோமே, அதேதான். இதற்கு மண்ணரிப்பு என்று பெயர். குழி அஸ்திவாரத்தின் அடிமட்டத்தைத் தொட்டுவிட்டால் தூண் அந்தரத்தில் நிற்கும். அப்புறம் அது சாய்வதற்குப் பெரிய வெள்ளமே வேண்டாம். வெள்ளம் வடியும்போது சேறும் மணலும் வந்து குழியை மூடிவிடும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே பிடிமானம் போயிருக்கும். பொன்னையாற்றுப் பாலத்தைப் போல வெள்ளம் போய் நாள் கழித்துச் சேதம் வெளியே தெரிவதும் உண்டு.

தென்னைக்கு வேர் எப்படியோ, பாலத்துக்கு அதைச் சுற்றியுள்ள மணல் அப்படி. வேரைச் சுற்றி மண்ணைப் பறித்துவிட்டு, காற்றடித்து மரம் சாய்ந்தது என்று சொன்னால் எந்த உழவன் நம்புவான்?

மண்ணைப் பறித்தது யார்?

பொறியாளர் பாலம் கட்டும்போது ஆற்றின் படுகை மட்டத்தை அளக்கிறார். வெள்ளத்தில் எவ்வளவு ஆழம் அரிக்கும் என்று கணக்குப் போட்டு, அதற்கும் கீழே அஸ்திவாரத்தை இறக்குகிறார். அந்தக் கணக்கெல்லாம் அன்றைக்கு இருந்த படுகை மட்டத்தை வைத்துப் போட்டது. பிறகு பொக்லைன் வருகிறது, லாரி வருகிறது. ஆளுயரத்துக்கும் மேல் மணலை அள்ளிக்கொண்டு போகிறார்கள். படுகை இறங்குகிறது. கணக்கு தாளில் அப்படியே இருக்கிறது. பாலத்தின் பிடிமானம் லாரியில் ஏறிப் போய்விட்டது.

பாலத்துக்குப் பக்கத்தில் அள்ளினால்தான் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். ஆற்றில் ஓரிடத்தில் பெரிய பள்ளம் போட்டால், அடுத்த வெள்ளத்தில் அந்தப் பள்ளத்தின் மேல்புறக் கரை இடிந்து இடிந்து மேல்நோக்கி நகரும். கீழே அள்ளியதன் பலன் மேலே இருக்கிற பாலத்துக்கு வரும். பள்ளத்தில் மணலை இறக்கிவிட்ட தண்ணீர் கீழ்ப்பக்கம் வெறுங்கையோடு போகும். போகிற வழியில் அங்கே இருக்கிற மணலை அரித்துக்கொண்டு போகும். ஒரு பள்ளம் மேலேயும் கெடுக்கும், கீழேயும் கெடுக்கும்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1959-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளில், பாலம், குடிநீர்த் திட்டம், உறிஞ்சு கிணறு ஆகியவற்றுக்கு 500 மீட்டர் சுற்றளவுக்குள் மணல் குவாரிக்கு இடம் கொடுக்கக்கூடாது என்று எழுதியிருக்கிறது. 2003-இல் மணல் குவாரிகளை அரசே நடத்தும் என்று அறிவித்தார்கள். அரசு எடுத்தாலும் அதே பொக்லைன், அதே லாரி. திருட்டு மணல் தனி. எழுதியிருக்கிற விதியை யார் காவல் காத்தது?

இதே கதை திருச்சியில் நடந்தது. 1928-இல் கட்டிய கொள்ளிடம் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் சரிந்தன. நல்ல வேளை, பக்கத்தில் புதுப்பாலம் வந்து போக்குவரத்து மாறியிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. கொள்ளிடம் எத்தனை வருஷம் மணல் குவாரிகளைத் தாங்கிய ஆறு என்று ஊருக்கே தெரியும்.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். பாலத்தைத் தாங்குகிற அதே மணல்தான் நம் கிணற்றுக்கும் தண்ணீர் தருகிறது. நல்ல ஆற்றுமணல் தன் கன அளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தண்ணீரைத் தன் இடுக்குகளில் பிடித்து வைத்திருக்கும். பாலாற்றில் மேலே தண்ணீர் ஓடாத காலத்திலும் நம் தாத்தா, பாட்டன் காலத்து ஊற்றுக்கால்வாய்கள் ஓடியது அதனால்தான். மணல் போனதும் ஊற்று போச்சு, கிணறு வத்திப் போச்சு, போர் ஆயிரம் அடி போச்சு. கடைசியில் பாலமும் போச்சு. இது நாலு கஷ்டம் இல்லை. ஒரே திருட்டின் நாலு கணக்கு.

தரைப்பாலங்களின் கதி

நம் பகுதியில் கிராமத்துக்குக் கிராமம் இருப்பது தரைப்பாலம்தான். குழாய் பதித்து மேலே ரோடு போட்டது. அதிகத் தண்ணீர் வந்தால் பாலத்துக்கு மேலேயே போகட்டும் என்ற எண்ணத்தில் கட்டியது. அதில் தப்பில்லை, செலவு குறைவு. ஆனால் குழாய் வாயில் சீமைக்கருவேலமும் குப்பையும் பிளாஸ்டிக்கும் அடைத்துக்கொண்டால், பாலம் பாலமாக இருக்காது, அணையாக மாறிவிடும். தண்ணீர் ஒரு பக்கம் உயர்ந்து, மறுபக்கம் அருவி மாதிரி விழும். விழுகிற இடத்தில் படுகை அரித்து, கடைசியில் பாலத்தின் அடியே பறிபோகும். இல்லாவிட்டால் கரையை ஒட்டி ரோட்டை அறுத்துக்கொண்டு ஓடும். மழைக்கு முன்னால் நாலு ஆள் ரெண்டு நாள் வேலை செய்திருந்தால் தடுத்திருக்கலாம். அந்தக் கூலியை மிச்சம் பிடித்துக் கோடியை ஆற்றில் விட்டார்கள்.

கணக்கே தப்பாகப் போனால்?

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். திருவண்ணாமலை மாவட்டம் அகரம்பள்ளிப்பட்டு அருகே தென்பெண்ணையாற்றில் சுமார் 16 கோடி ரூபாயில் கட்டிய உயர்மட்டப் பாலம் உடைந்து போனது. திறந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அரசுத் தரப்பில் என்ன சொன்னார்கள்? சுமார் 54 ஆயிரம் கன அடி தண்ணீருக்குத்தான் பாலம் வடிவமைக்கப்பட்டது, அதைவிடப் பல மடங்கு வந்துவிட்டது என்றார்கள்.

அவர்கள் சொன்னதை அப்படியே வைத்துக்கொள்வோம். அணைக்குக் கீழே பாலம் கட்டுகிறோம். அணை நிரம்பினால் எவ்வளவு திறப்பார்கள் என்று அணைக்காரரிடம் கேட்க வேண்டாமா? அணையும் அரசாங்கத்துடையது, பாலமும் அரசாங்கத்துடையது. ரெண்டு அலுவலகமும் ஒரு டீக்கடைத் தூரம் பேசிக்கொள்ளவில்லை என்றால் அதற்கு இயற்கையா பொறுப்பு?

நம் பக்கமும் இதே நிலைதான். பாலம் நெடுஞ்சாலைத்துறைக்கோ ஊரக வளர்ச்சித்துறைக்கோ ரயில்வேக்கோ சொந்தம். ஆறு நீர்வளத்துறைக்குச் சொந்தம். மணல் கனிமவளத்துறைக்குச் சொந்தம். கரை ஆக்கிரமிப்பு வருவாய்த்துறை விஷயம். தூணைச் சுற்றி மணல் எத்தனை அடி இறங்கியது என்று யாரைக் கேட்டாலும் பக்கத்து அலுவலகத்தைக் கைகாட்டுகிறார்கள். அங்கேதான் பாலம் விழுகிறது.

பீகாரில் 2024 ஜூன், ஜூலையில் சில வாரங்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட சிறு பாலங்கள் விழுந்தன. ஆற்றைத் தூர்வாரும்போது தூண்களைப் பாதுகாக்கவில்லை என்று அந்த மாநில நீர்வளத்துறையே சொல்லி, பொறியாளர்கள் பலரை சஸ்பெண்ட் செய்தது. தூர்வாருவது நல்ல காரியம். அளவு பார்க்காமல் செய்தால் அதுவே எமன்.

உப்பும் கம்பியும்

தோல் தொழில் பகுதிக்காரர்களான நமக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. பச்சைத்தோல் கெடாமல் இருக்க உப்புப் போடுகிறார்கள். அந்த உப்பும் தோல் ஷாப் கழிவும் எங்கே போனது என்று ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டைக் கிணறுகள் சொல்லும். சுமார் 35 ஆயிரம் ஹெக்டேர் விளைநிலம் பாழானதாக 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்பில் எழுதியது. 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் மறுபடி தலையிட வேண்டி வந்தது.

நெல்லைக் கருக்கும் உப்பு இரும்பையும் விடாது. கான்கிரீட்டுக்குள் உப்பு ஊறி உள்ளே இறங்கினால் கம்பி துருப்பிடித்து உப்பும். கான்கிரீட் வெடித்து உதிரும். கடற்கரைப் பாலங்களுக்கு இது தெரிந்த நோய். இன்ன பாலம் இதனால்தான் விழுந்தது என்று நாம் சொல்லவில்லை. கழிவு ஓடிய ஆறு, ஓடை மேல் நிற்கிற பாலங்களில் இதைச் சோதித்துப் பார்த்தீர்களா, பார்த்தால் அறிக்கை எங்கே என்று கேட்கிறோம்.

வெள்ளையடித்து மூடினால் என்ன ஆகும் என்பதற்கு குஜராத் மோர்பி சாட்சி. பழைய தொங்குபாலத்தைப் பழுதுபார்த்ததாகச் சொல்லி 2022 அக்டோபர் 26-இல் திறந்தார்கள். நாலே நாளில், 30-ஆம் தேதி, அறுந்து விழுந்து 135 பேர் இறந்தார்கள். முக்கியக் கம்பிவடத்தின் 49 கம்பிகளில் 22 ஏற்கெனவே துருப்பிடித்து அறுந்திருந்ததாக விசாரணைக் குழு சொன்னது.

ஏழை நாடு என்பதாலா?

"நாம ஏழை நாடு, அதான் பாலம் விழுது" என்று ஒரு பேச்சு உண்டு. பணக்கார நாட்டிலும் விழுந்திருக்கிறது. 1967-இல் அமெரிக்காவில் சில்வர் பாலம் விழுந்து 46 பேர் செத்தார்கள். அதன் பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பாலங்களைச் சோதிக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். 1987-இல் நியூயார்க் மாநிலத்தில் ஸ்கோஹரி ஓடைப் பாலம் மண்ணரிப்பால் விழுந்து 10 பேர் இறந்தார்கள். உடனே நாடு முழுக்க ஆற்றுப் பாலங்களுக்கு அரிப்பு ஆபத்து எவ்வளவு என்று கணக்கெடுக்கச் சொன்னார்கள். போர்ச்சுகல் நாட்டில் 2001 மார்ச் 4-ஆம் தேதி டூரோ ஆற்றுப் பாலத்தின் தூண் சரிந்து 59 பேர் மாண்டார்கள். பல வருஷமாக ஆற்றில் மணல் அள்ளியதுதான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. துறை மந்திரி உடனே பதவி விலகினார்.

நம்மிடமும் அந்த மரபு இருந்தது. 1956 நவம்பர் 23-இல் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் சேதமாகி, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, ரயில்வே மந்திரி லால்பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். இன்றைக்கு? குஜராத்தில் 2025 ஜூலை 9-இல் கம்பீரா பாலம் விழுந்து இருபது பேர் அளவில் இறந்தார்கள். சில பொறியாளர்களை சஸ்பெண்ட் செய்தார்கள், அவ்வளவுதான். நம்மிடம் காசு இல்லாமல் இல்லை. 16 கோடி போட்டுப் பாலம் கட்டக் காசு இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை கயிறு விட்டு ஆழம் பார்க்க ஆள் இல்லை. கட்டினால் டெண்டர் உண்டு, திறப்பு விழா உண்டு, கல்வெட்டில் பேர் உண்டு. பராமரித்தால் கல்வெட்டு கிடையாது.

பாலம் போனால் யாருக்கு நஷ்டம்? மாதனூர்ப் பாலம் போனபோது குடியாத்தம் போக வேண்டியவர்கள் பள்ளிகொண்டா வழியாகச் சுற்ற வேண்டியிருந்தது. தேங்காய், காய்கறி ஏற்றும் வண்டிக்கு வாடகை கூடினால் வியாபாரி தன் பையிலிருந்து தரமாட்டான். நம் விலையில் கழிப்பான். பால் நேரத்துக்குப் போகாவிட்டால் கெடும். ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகும் நம் வீட்டுப் பெண்கள் பஸ்ஸைத் தவறவிட்டால் அன்றைய சம்பளம் போச்சு. பிரசவ வலியில் இருக்கிறவளுக்குச் சுற்று வழி என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

நமது கோரிக்கைகள்

1. வேலூர், திருப்பத்தூர், இராணிப்பேட்டை மாவட்டங்களில் பாலாறு, பொன்னையாறு, கவுண்டின்யா ஆறு, அவற்றின் ஓடைகள் மேல் உள்ள ஒவ்வொரு பாலத்திலும் மழைக்கு முன்னும் வெள்ளத்துக்குப் பின்னும் படுகை மட்டத்தை அளந்து, ஊராட்சி அலுவலகத்தில் தமிழில் ஒட்ட வேண்டும்.

2. பாலத்துக்கு 500 மீட்டர் சுற்றளவுக்கு எல்லைக்கல் நட வேண்டும். அதற்குள் மணல் அள்ளுவது யாராக இருந்தாலும், எந்தப் பெயரில் அள்ளினாலும் வழக்குப் போட வேண்டும்.

3. புதுப்பாலம் கட்டும் இடத்தில் வைக்கும் பலகையில் மதிப்பீட்டுத் தொகை, ஒப்பந்ததாரர் பெயரோடு, எத்தனை கன அடி வெள்ளத்துக்குக் கட்டுகிறீர்கள் என்பதையும் எழுத வேண்டும்.

4. தரைப்பாலக் கண்களில் உள்ள கருவேலம், குப்பையை செப்டம்பர் முடிவதற்குள் அகற்ற வேண்டும்.

5. தோல் கழிவு ஓடிய இடங்களில் உள்ள பாலங்களின் கம்பி, கான்கிரீட் நிலையைச் சோதித்து அறிக்கை வெளியிட வேண்டும்.

6. பாலம் விழுந்தால் பொறியாளர், ஒப்பந்ததாரர், மணலுக்கு அனுமதி கொடுத்த அதிகாரி மூவரையும் ஒரே விசாரணையில் நிறுத்த வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

கோரிக்கை வைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் காரியம் நடக்காது. இந்த வாரமே ஊர் இளைஞர்கள் நாலு பேர் பாலத்துக்குப் போங்கள். ஆறு காய்ந்திருக்கும்போது தூணில், இப்போது மணல் இருக்கிற மட்டத்தில், பெயிண்டால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். பாலத்தின் கைப்பிடியிலிருந்து கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி எத்தனை அடி என்று குறித்து வையுங்கள். வெள்ளம் முழுசா வடிந்த பிறகு மறுபடி அளங்கள். தண்ணீர் ஓடும்போது யாரும் ஆற்றில் இறங்க வேண்டாம். அஸ்திவாரக் கட்டு வெளியே தெரிந்தால் போட்டோ எடுத்துக் கலெக்டர் மனுநீதி நாளில் கொடுத்து ரசீது வாங்குங்கள். தகவல் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் பாலத்தின் கடைசி ஆய்வு அறிக்கையைக் கேளுங்கள். கிராமசபையில் தீர்மானம் போடுங்கள்.

ஒரு கசப்பான வார்த்தையும் சொல்ல வேண்டும். ராத்திரி மணல் அள்ளும் டிராக்டருக்கு வழி காட்டுவது வெளியூர் ஆள் இல்லை. ஒரு லோடுக்கு நூறு ரூபாய்க்கு ஆசைப்பட்டு வழிவிடும் ஆள் ஊருக்குள்தான் இருக்கிறான். மாமன், மச்சான் என்று பார்க்காமல் நிறுத்துங்கள். அவன் விற்பது மணலை மட்டும் இல்லை. உன் கிணற்றையும், உன் பிள்ளை பள்ளிக்கூடம் போகிற பாலத்தையும் சேர்த்து விற்கிறான்.

அடுத்த வெள்ளம் வரும். அது வருவதற்கு முன்னால் கோட்டைப் போடுவோம், கணக்கைக் கேட்போம்.

மணலைக் காப்போம்! கிணற்றைக் காப்போம்! பாலத்தைக் காப்போம்!

ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!